நால்வர் எதிரே இருக்கும்போது பெட்டா, செக்கா?

போக்கர் ஆட்டத்தைக் கற்றுத்தரும் நூல்களும் காணொளிகளும் பெரும்பாலும் இருவர் மட்டுமே மிஞ்சி நிற்கும் கையை, அதாவது ஒருமுறை சீட்டுப் பகிர்ந்து முடிவுவரை ஆடுவதை, வைத்துப் பாடம் நடத்துகின்றன. ஒருவர் விலையை ஏற்றுகிறார், மற்றவர்கள் வரிசையாகச் சீட்டைக் கவிழ்த்து விலகுகிறார்கள், ஒரே ஒருவர் உடன் வருகிறார், அந்த இருவருக்கும் நடுவே ஃபிளாப் எனப்படும் மூன்று பொதுச்சீட்டுகள் விழுகின்றன. செட்டிநாட்டில் உறவினர் கூடும் வீட்டில், முகப்பில் ஜமக்காளம் விரித்து ஆடும் ஆட்டத்தில் இப்படி ஒரு கையைக் காண்பதே அரிது. பிள்ளையார் நோன்பை ஒட்டி டிசம்பரில் வீடு திறக்கப்படும்போது சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் வந்து சேர்பவர்களில் ஆறேழு பேர் சீட்டுக்கு உட்காருவார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஆட வருகிறவருக்குக் கையில் வந்த இரண்டு சீட்டைப் பொதுச்சீட்டு பார்க்காமல் கவிழ்க்க மனம் வருவதில்லை. ஆகவே யார் எவ்வளவு ஏற்றினாலும் நான்கு பேர், சில வேளைகளில் ஐந்து பேர், ஃபிளாப் பார்க்க உள்ளே வந்துவிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே பெட் கட்டுவதா, செக் என்று சொல்லி முறையை அடுத்தவரிடம் கடத்துவதா என்பதுதான் இக்கட்டுரையின் பொருள்.

எங்கள் ஆட்டத்தில் காசு கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இணையவழிப் பண ஆட்டங்களைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2022-இல் சட்டம் இயற்றியது. ரம்மியும் போக்கரும் திறன் சார்ந்தவை என்று கூறிச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் அவ்விரண்டுக்கும் அச்சட்டம் விதித்த தடையை நீக்கியது. பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறன், அதிர்ஷ்டம் என்ற பாகுபாடே பார்க்காமல் இணையத்தில் பணம் வைத்து ஆடும் எல்லா ஆட்டங்களுக்கும் தடை விதித்தது. இவை எதுவும் வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஜமக்காளத்தின் மேல் ஒரு ரூபாய் தெரிந்தாலும் சீட்டுக்கட்டை வாங்கி வைத்துவிடுவேன் என்று எங்கள் பாட்டியான ஆயா சொல்லியிருந்தார். முதலில் புளியங்கொட்டைகளை வைத்து ஆடினோம். அயித்தான் சிங்கப்பூரிலிருந்து ஒரு பெட்டி நிறைய சிப்ஸ் என்னும் ஆட்ட வில்லைகளைக் கொண்டுவந்த பிறகு அவற்றைக் கொண்டு ஆடுகிறோம். சிப்ஸுக்குப் பணமதிப்பு இல்லாததே எல்லோரும் எல்லாக் கையிலும் உள்ளே வருவதற்குப் பாதிக் காரணம்.

இருவர் ஆட்டத்தில் பழகிய ஒருவர் இந்தக் கூட்டத்துக்குள் வந்தால், கை பலமாக இருக்கிறதா என்ற கேள்வியோடு வருகிறார். பலர் நிற்கும் கையில் அந்தக் கேள்வி போதாது. பெட் கட்டினால் யார் யார் உடன் வருவார்கள், அப்படி வருகிறவர்களிடம் என்னுடையதைவிடத் தாழ்ந்த சீட்டு இருக்குமா, எனக்குப் பின் பேச இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும். நான் கண்டவரையில் இதற்கு வரும் பதில் இருபுறமும் கூர்மையாகிறது: வெறுங்கையை வைத்துக்கொண்டு மிரட்டும் பெட் ஏறக்குறைய மறைந்துவிட வேண்டும், முன்னிலையில் இருந்தும் எளிதில் முந்தப்படக்கூடிய கையின் பெட்டோ இருவர் ஆட்டத்தைவிடக் கட்டாயமாகிவிடுகிறது. பலர் இருந்தால் அடக்கி ஆடு என்ற பொதுவான அறிவுரை முதல் பாதியை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுவதால், அதை நம்பி நல்ல கையையும் செக் செய்து இழப்பவர்களை எங்கள் ஜமக்காளத்திலேயே ஆண்டுதோறும் பார்க்கிறேன்.

முதல் பாதியின் கணக்கு எளிது. நடுவில் கிடக்கும் தொகையில் பாதியைப் பெட் கட்டி எல்லோரையும் விரட்ட நினைத்தால், அந்த முயற்சி மூன்றில் ஒரு முறையாவது பலித்தாக வேண்டும், இல்லையென்றால் நட்டம். எதிரே இருப்பவர் நூற்றுக்கு அறுபது முறை கவிழ்ப்பவர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் இருந்தால் அறுபது முறை பலிக்கிறது, தாராளமான இலாபம். அதே குணமுள்ள இருவர் இருந்தால் இருவரும் சேர்ந்து கவிழ்ப்பது 36 முறை, இலாபம் என்று சொல்வதற்கு ஏதோ கொஞ்சம் மிஞ்சுகிறது. மூவர் என்றால் 21 அல்லது 22 முறை, நால்வர் என்றால் 13 முறை. நால்வரை வைத்து அந்த மூன்றில் ஒன்றை எட்ட வேண்டுமானால் ஒவ்வொருவரும் நூற்றுக்கு 76 முறை கவிழ்க்கிறவராக இருக்க வேண்டும். முகப்பில் உட்கார்ந்திருக்கும் எவரும் அப்படிப்பட்டவர் அல்லர். பத்து பேர் கொண்ட எந்த உறவினர் கூட்டத்திலும் அப்படி ஒருவர் இருந்தாலே அதிகம்.

இதே கணக்கை மறுபுறமிருந்து பார்த்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. நடுவில் கிடக்கும் தொகை முழுவதையும் ஒருவர் பெட் கட்டும்போது, எதிரே தனியாக இருப்பவர் பாதிக் கைகளையாவது விடாமல் பிடித்து நிற்க வேண்டும், இல்லையேல் வெறுங்கைக்காரர் அவரைக் கொள்ளையடிப்பார். எதிரே மூவர் இருந்தால் அந்தக் காவல் மூவருக்கும் பங்காகிறது. ஒவ்வொருவரும் தம் கைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றைப் பிடித்து நின்றாலே போதும், மூவரும் ஒருங்கே கவிழ்க்கும் வாய்ப்பு பாதியாகத்தான் இருக்கும். ஆகவே நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் பலர் இருக்கும் கையில் மிக நல்ல சீட்டை மட்டும் வைத்துக்கொண்டுதான் உடன் வருகிறார்கள். அவர்கள் உடன் வந்தபின் அடுத்த சுற்றில் மீண்டும் மிரட்டுவதில் பயனில்லை.

கையின் மதிப்பே ஆட்கள் கூடக்கூடத் தேய்வதையும் நினைவில் வைக்க வேண்டும். இரண்டு ஏஸ் வைத்திருப்பவர், ஏதோ இரண்டு சீட்டை வைத்திருக்கும் ஒருவரை இறுதிவரை எதிர்கொண்டால் நூற்றுக்கு 85 முறை வெல்கிறார். இருவரை எதிர்கொண்டால் 73, மூவர் என்றால் 64, நால்வர் என்றால் 56, ஐவர் என்றால் 49. அப்போதும் அதுவே மேசையின் தலைசிறந்த கை, ஆனால் அது தோற்பதும் வெல்வதும் ஏறக்குறைய சமம். ஜோடியில்லாத இரண்டு சீட்டு வைத்திருக்கும் ஒருவருக்கு ஃபிளாப்பில் அவற்றில் ஒன்றாவது ஜோடி சேரும் வாய்ப்பு நூற்றுக்கு 32. அப்படிப்பட்ட நால்வர் இருந்தால், அவர்களில் ஒருவருக்கும் ஜோடி சேராமல் போவது தோராயமாக ஐந்தில் ஒரு முறைதான்.

இந்த எண்களை ஒரு கையில் பொருத்திப் பார்க்கலாம். என்னிடம் இஸ்பேடு ஏஸும் கிளாவர் ராஜாவும் இருக்கின்றன. எட்டு சிப்ஸாக ஏற்றுகிறேன், நால்வர் உடன் வருகிறார்கள், நடுவில் நாற்பது சேர்கிறது. ஃபிளாப்பில் 9, 8, 6 விழுகின்றன, அவற்றில் இரண்டு ஆர்ட்டின். இருவர் ஆட்டத்தில் ஏற்றியவரே அடுத்த பெட்டையும் கட்டுவது வழக்கம் என்று கற்றவர் இங்கே கை தானாக நீள்வதை உணர்வார். நான் தயங்காமல் செக் செய்வேன். சாதாரணச் சீட்டோடு உள்ளே வரும் நால்வருக்கு 9, 8, 6 மிகவும் பிடித்த ஃபிளாப், யாரிடமாவது ஜோடியோ இரட்டை ஜோடியோ நேர்வரிசைக்கான (அடுத்தடுத்த ஐந்து எண்களுக்கான) துண்டோ இருக்கும். எனக்கு உதவக்கூடிய ஆறு சீட்டுகளில் ஆர்ட்டின் ஏஸும் ஆர்ட்டின் ராஜாவும் அடக்கம். அவை விழுந்தால் எனக்கு ஜோடி சேரும் அதே நொடியில் வேறொருவருக்கு ஐந்து ஆர்ட்டினும் சேர்ந்துவிடலாம். ஏஸ், ராஜா என்று இரண்டு படத்தைப் பார்த்த மகிழ்ச்சியில் நாற்பதுக்கு இருபது கட்டுகிறவர், அந்த இருபதைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறார் என்றே சொல்வேன்.

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். இதை விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் பலருக்கும் இங்கேதான் மனம் ஒப்புவதில்லை.

என்னிடம் ஏஸும் ஒன்பதும் இருக்கின்றன. நால்வர் ஆளுக்கு ஆறு சிப்ஸ் போட்டு உள்ளே வந்திருக்கிறோம், நடுவில் 24. ஃபிளாப் 9, 5, 2, மூன்றும் வெவ்வேறு இனம். இருப்பதில் உயர்ந்த ஜோடி என்னுடையது, அதற்குத் துணை நிற்கும் சீட்டும் ஏஸ். மற்ற மூவரிடமும் ஜோடிகூட இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஒருவரிடம் ராஜா-ராணி, இன்னொருவரிடம் ஜாக்-10, மூன்றாமவரிடம் 4-3. ஒவ்வொருவரையும் தனித்தனியாக எடுத்துக்கொண்டால் நான் வெகுதூரம் முன்னால் நிற்கிறேன். ஆனால் அடுத்த சீட்டு எதுவாக இருந்தால் என் முன்னிலை பறிபோகும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று ராஜாக்கள், மூன்று ராணிகள், மூன்று ஜாக்குகள், மூன்று பத்துகள், 4-3 வைத்திருப்பவருக்கு நேர்வரிசை முடித்துத் தரும் நான்கு ஆறுகள், மீதமுள்ள மூன்று ஏஸ்கள். எனக்கு இரட்டை ஜோடி தரும் அந்த ஏஸே அவருக்கு ஏஸ் முதல் ஐந்து வரை நேர்வரிசை தந்துவிடுகிறது. மொத்தம் 19 சீட்டுகள். கட்டில் மிச்சமிருப்பவை 41. அதாவது மூவரையும் முந்தி நிற்கும் என் கை, ஒரே ஒரு சீட்டில் பின்தங்கிவிடும் வாய்ப்பு நூற்றுக்கு 46.

இந்த நிலையில் செக் செய்வது, எங்கள் ஊர் வீடுகளில் முன்வாசலை மட்டும் தாழிட்டுவிட்டுப் பின்தெருக் கதவைத் திறந்து போட்டு ஊருக்குப் போவதற்குச் சமம். ஒருவருக்கு இலவசமாக ஒரு சீட்டு காட்டுவதன் விலை சிறியது. மூவருக்கும் காட்டினால் அந்த விலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. எனவே இங்கே பெட் கட்டியே தீர வேண்டும். யாரையும் மிரட்டுவதற்காக அன்று, அவரவர் சிறு வாய்ப்புக்கும் விலை வாங்குவதற்காக.

எவ்வளவு கட்டுவது என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. 24-க்குப் பாதியாக 12 கட்டுகிறேன் என்று கொள்வோம். அடுத்துப் பேசும் ராஜா-ராணிக்காரர் 48-ஐ எட்டப்போகும் தொகைக்காக 12 போட வேண்டும், அதற்கு நூற்றுக்கு 25 வாய்ப்பு தேவை. அவருக்கு அடுத்த சீட்டில் இருப்பதோ 13-க்கும் சற்றுக் குறைவு. அவர் கால் செய்வது, அதாவது அதே தொகையைப் போட்டு உடன் வருவது, தவறு. ஆனாலும் அவர் எங்கள் உறவினர், கால் செய்துவிடுகிறார். இப்போது ஜாக்-10 வைத்திருப்பவருக்குத் தேவைப்படும் வாய்ப்பு 20 ஆகக் குறைகிறது. அவரும் தவறாகவே உள்ளே வருகிறார். கடைசியாகப் பேசும் 4-3-க்காரர் 72-ஐ எட்டப்போகும் தொகைக்காக 12 போட்டால் போதும், தேவை 16.7. என்னிடம் ஓர் ஏஸ் இருப்பதை அறியாமல், தமக்கு உதவக்கூடிய சீட்டு எட்டு என்று அவர் எண்ணியிருந்தால், பார்க்காத 47-இல் எட்டு என்பது 17.0. மயிரிழையில் அவர் செய்தது சரியாகிவிடுகிறது! முன்னால் இருவர் செய்த பிழைதான் மூன்றாமவரின் கணக்கைச் சரியாக்கியது. அவர்கள் இழந்த சிப்ஸ் முழுவதும் முன்னிலையில் இருக்கும் எனக்கே வந்து சேரும் என்று நினைப்பது இயல்பு, ஆனால் அதில் ஒரு பங்கு ஓசைப்படாமல் 4-3-க்காரரிடம் போய்ச் சேர்கிறது. சில கைகளில் எதிராளி தவறாகச் செய்யும் கால், முன்னிலையில் இருப்பவருக்கே நட்டமாக முடிவதும் உண்டு. 1990-களில் இதை எடுத்துக் காட்டிய ஆண்டி மார்ட்டன் என்ற ஆட்டக்காரரின் பெயரால் அது மார்ட்டன் தேற்றம் என்று வழங்குகிறது.

அதே இடத்தில் 24 முழுவதையும் கட்டினால் மூவருக்கும் தேவைப்படும் வாய்ப்பு முறையே 33, 25, 20 ஆகிவிடுகிறது. முன்னவர் இருவரும் பிடிவாதமாக உள்ளே வந்தாலும் 4-3-க்காரரின் 17 போதாமல் போகிறது. பலர் இருக்கும் கையில் சிறிதாகக் கட்ட வேண்டும் என்பதுதான் தேர்ந்த ஆட்டக்காரர்களிடையே இன்று பொதுவான கருத்து. எதிராளிகள் கவனமாகக் கவிழ்க்கிறவர்களாக இருந்தால் அக்கருத்தோடு எனக்கு மாறுபாடில்லை, சிறு தொகையே அவர்களில் பலரை வெளியேற்றிவிடும், மிஞ்சுபவர்களிடம் நல்ல கை இருப்பதால் பெரிதாகக் கட்டுவது ஆபத்தும்கூட. ஆனால் எது கட்டினாலும் உள்ளே வருவேன் என்று சப்பணமிட்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், உயர்ந்த ஜோடியும் அதற்கு மேலும் இருக்கும்போது தொகையில் முக்கால் பங்கிலிருந்து முழுமை வரை கட்டுவதே சரி என்பது என் முடிவு. இதை அயித்தான் ஏற்பதில்லை. அவர் பழகிய மேசைகளில் ஆட்கள் கவிழ்ப்பார்கள்.

மூன்று ஒரே எண் சேர்ந்த கையை மறைத்து வைத்து ஆடுவதைப் பற்றியும் இங்கே ஒரு சொல். ஜோடியோடு உள்ளே போகிறவருக்கு ஃபிளாப்பில் மூன்றாவது சேர்வது எட்டரை முறைக்கு ஒருமுறைதான். சேர்ந்ததும் ஆசை வந்துவிடுகிறது, செக் செய்து மற்றவர்களை வளரவிடுவோம் என்று. எதிரே ஒருவர் மட்டும் இருந்தால் அவரிடம் ஒன்றுமே இல்லாமல் இருக்கக்கூடும், அவரை வளரவிடுவதில் பொருள் உண்டு. நால்வர் இருந்தால் ஏற்கெனவே யாரிடமாவது ஏதாவது இருக்கிறது, கால் செய்ய ஆளைத் தேட வேண்டியதில்லை. பெட் கட்டுவதே தொகையைப் பெருக்கும் வழி. விதிவிலக்கு, ஃபிளாப்பிலேயே முழுவீடு (ஒரே எண்ணில் மூன்றும் இன்னொரு எண்ணில் இரண்டும்) அமைந்துவிட்ட கை. அப்போது அஞ்ச வேண்டிய சீட்டு அநேகமாக எதுவுமில்லை, மற்றவர்களுக்குத்தான் ஏதாவது கிடைத்தாக வேண்டும். அதை மட்டும் செக் செய்யலாம்.

இன்னும் முழுமையாகாத கைகளில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரே இனத்தில் நான்கு சீட்டு சேர்ந்திருப்பவருக்கு அடுத்த சீட்டில் ஐந்தாவது விழும் வாய்ப்பு 19, இறுதிக்குள் விழும் வாய்ப்பு 35. எத்தனை பேர் எதிரே இருந்தாலும் இந்த எண்கள் மாறுவதில்லை. ஆனால் விழுந்த பிறகு வெல்வீர்களா என்பது மாறுகிறது. டைமன் 6-5 வைத்திருக்கும் ஒருவருக்கு ஃபிளாப்பில் இரண்டு டைமன் கிடைத்தால், நால்வருள் இன்னொருவரிடம் அதைவிட உயர்ந்த இரண்டு டைமன் இருக்கக்கூடும், தேடிய சீட்டு விழுந்த அன்றுதான் அவர் பெரிதாக இழப்பார். டைமன் ஏஸை வைத்திருப்பவருக்கு அந்த அச்சம் இல்லை. பலர் உடன் வந்தாலும் அவருக்கு மகிழ்ச்சியே, எல்லோரும் கவிழ்த்தாலும் மகிழ்ச்சியே. ஆகவே ஏஸ் தலைமை தாங்கும் நான்கு டைமனோடு பெட் கட்டுவேன், 6-5-ஓடு செக் செய்து குறைந்த விலைக்குச் சீட்டுப் பார்க்க முயல்வேன். இருவர் ஆட்டத்தில் இந்த இரண்டு கைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடப்படுபவை.

முறை வரும் இடத்தைப் பற்றி எல்லோரும் சொல்வதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை, கடைசியாகப் பேசுபவருக்கு அனைத்தும் தெரியும். எனக்கு உறுத்துவது நடுவில் மாட்டிக்கொள்ளும் இடம். முன்னால் ஒருவர் பெட் கட்டியிருக்கிறார், பின்னால் இருவர் இன்னும் பேசவில்லை, கையில் நடுத்தர ஜோடி. கால் செய்தால் பின்னால் இருப்பவர் ஏற்றக்கூடும், அப்போது போட்டதையும் விட்டுவிட்டு எழ வேண்டும். முதலில் பெட் கட்டுகிறவர் இத்தனை பேருக்கு எதிரே துணிந்து கட்டுகிறார் என்றால் அவரிடம் சரக்கு இருக்கிறது என்று பொருள். அந்த நடு இடத்தில் நடுத்தர ஜோடியைக் கவிழ்ப்பதற்கு நான் வருந்துவதே இல்லை.

ஏற்றியவரிடமே முறையைக் கொண்டு சேர்க்க வேண்டும், அவருக்கு முன்னால் இருப்பவர்கள் செக் செய்ய வேண்டும் என்பது பழைய மரபு. முன்னால் முந்திக்கொண்டு பெட் கட்டுபவரைக் கற்றுக்குட்டி என்று கேலி செய்வதும் உண்டு. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் நோம் பிரவுனும் தூமாஸ் சாண்ட்ஹோமும் ஃபேஸ்புக் ஆய்வுக்கூடத்தோடு சேர்ந்து உருவாக்கிய புளூரிபஸ் என்ற கணினி நிரல், 2019-இல் அந்தக் கேலியைக் கேள்விக்குள்ளாக்கியது. ஆறு பேர் ஆடும், எல்லையற்ற பெட் அனுமதிக்கும் ஆட்டத்தில் ஐந்து தேர்ந்த ஆட்டக்காரர்களோடு 12 நாட்களில் 10,000 கைகள் ஆடி வென்ற அந்த நிரல், மனிதர்களைவிட அதிக முறை அப்படி முந்திக்கொண்டு பெட் கட்டியது. இதற்குக் காரணம் கற்பிப்பது கடினமன்று. பெரிய பிளைண்ட், அதாவது சீட்டைப் பார்க்கும் முன்பே போட வேண்டிய கட்டாயத் தொகை, போட்டவர் என்ற முறையில் மலிவாக உள்ளே வந்தவரிடம் 7, 6, 5 போன்ற ஃபிளாப்புக்கு ஏற்ற சீட்டு இருக்க வாய்ப்பு அதிகம். ஏற்றியவரோ ஏஸ்-ராஜாவை வைத்துக்கொண்டு, நான் மேலே சொன்ன காரணத்தால், செக் செய்துவிடுவார். அவரை நம்பிச் செக் செய்தால் நால்வரும் இலவசமாகச் சீட்டுப் பார்த்துவிடுவார்கள்.

நிரல்களின் பேச்சு வந்ததால், பலர் ஆடும் கைக்கு மட்டும் மனப்பாடம் செய்யும் அட்டவணை ஏன் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடலாம். இருவர் மட்டும், கட்டுப்படுத்தப்பட்ட பெட்டுடன் ஆடும் ஆட்டத்தை ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015-இல் ஏறக்குறைய முற்றாக விடுவித்துவிட்டார்கள். எல்லையற்ற இருவர் ஆட்டத்தில் லிப்ராடஸ் என்ற நிரல் 2017-இல் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களை 1,20,000 கைகளில் வென்றது. இருவர் ஆட்டத்தில் ஒருவர் இழப்பது மற்றவருக்குச் சேர்வதால், சமநிலை உத்தியைப் பிடித்துக்கொண்டவர் நீண்டகாலத்தில் தோற்க மாட்டார் என்ற உறுதி உண்டு. மூவர் வந்துவிட்டால் அந்த உறுதி போய்விடுகிறது. நீங்கள் சமநிலை உத்தியையே ஆடினாலும், மற்ற இருவர் தற்செயலாகச் செய்யும் பிழைகள் உங்களுக்கு நட்டத்தை உண்டாக்க முடியும். ஜான் நாஷ் 1950-இலேயே லாயிட் ஷாப்லியோடு சேர்ந்து மூவர் ஆடும் ஒரு சிறிய போக்கரை ஆராய்ந்து எழுதினார். பிற்காலத்தில் இருவருமே பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்கள். இத்தனை பேரறிவு செலவான பிறகும், ஐவர் ஆட்டத்தில் எந்த இடத்தில் செக் செய்ய வேண்டும் என்பதற்கு ஜமக்காளத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் முகங்களைப் பார்க்காமல் விடை சொல்ல முடியவில்லை.

எல்லாச் சிப்ஸையும் போட்டுவிட்டு ஒருவர் காத்திருக்க, மற்ற இருவர் தனியாகத் தொடரும் நிலையும் எங்களிடம் அடிக்கடி வரும். முதல் தொகை அவருக்கும் உரியது, பக்கத்தில் தனியே சேரும் தொகை இருவருக்கு மட்டும். பக்கத் தொகையில் ஒன்றுமே இல்லாதபோது வெறுங்கையோடு பெட் கட்டி மற்றவரை விரட்டுவதால் ஒரு பயனும் இல்லை. எல்லாம் போட்டவர் எழுந்து போகப்போவதில்லை, அவரை எப்படியும் சீட்டைக் காட்டித்தான் வெல்ல வேண்டும். சொன்னால் உடனே புரிகிற இந்தச் செய்தியை மறந்து ஆட்டக்களத்தில் மிரட்டுபவர்கள் ஏராளம். ரிவரில், அதாவது ஐந்தாம் சீட்டு விழுந்த பின், வெறுங்கை மிரட்டலை இருவருக்கு மேல் எதிரே இருந்தால் நான் அறவே விட்டுவிடுகிறேன். அதுவரை மூவர் நின்றிருக்கிறார்கள் என்றாலே யாரோ ஒருவர் முடிவு பார்க்காமல் போவதில்லை என்று உறுதி பூண்டிருக்கிறார்.

கடைசியாக, அயித்தானும் நானும் இன்றுவரை ஒத்துப்போகாத ஒரு கை. ஃபிளாப் ராணி, 8, 3, மூன்றும் வேறு வேறு இனம். நடுவில் 24. மூவர் செக் செய்துவிட்டார்கள், கடைசி முறை என்னுடையது, கையில் ஏஸ்-8. பெட் கட்ட வேண்டும் என்பது அயித்தான் கட்சி. மூவரும் ராணி இல்லை என்று சொல்லிவிட்டார்கள், எட்டின் ஜோடியை முந்த ஜாக்-10 வைத்திருப்பவருக்கு, நேர்வரிசை தரும் நான்கு ஒன்பதுகளையும் சேர்த்து, பத்து சீட்டும் ராஜா-ஜாக் வைத்திருப்பவருக்கு ஆறு சீட்டும் இருக்கின்றன, எட்டு சிப்ஸ் கட்டி அவர்களை வெளியேற்று என்கிறார். ஒன்பது-ஐந்து-இரண்டில் நான் சொன்ன அதே வாதம்தான் என்று என்னையே மேற்கோள் காட்டுகிறார்.

வாதம் சரி, ஆனால் செக் செய்த மூவரில் அம்மான் இருக்கிறாரா இல்லையா என்பதை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. நல்ல கை வந்தால் அம்மான் முதலில் செக் செய்துவிட்டு, யாராவது கட்டியவுடன் மும்மடங்காக ஏற்றுவார். “கட்டுப்பா, பாக்கலாம்” என்று வெற்றிலையை மென்றுகொண்டே சொல்வார். அவர் ஏற்றினால் நான் கவிழ்த்தாக வேண்டும். மூன்று ஏஸும் இரண்டு எட்டும் ஆக ஐந்து சீட்டின் வாய்ப்பை, நூற்றுக்குப் பத்துக்கும் சற்றுக் கூடுதலானதை, பார்க்காமலே தொலைத்தவனாவேன். உயர்ந்த ஜோடியாக இருந்தால் ஏற்றினாலும் நின்று பார்க்கலாம், நடுத்தர ஜோடியால் அது முடியாது. அதுதான் ஒன்பது-ஐந்து-இரண்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு. அம்மான் ஏற்கெனவே கவிழ்த்திருந்தால் நானும் எட்டு சிப்ஸைக் கட்டிவிடுவேன். அவர் கையில் சீட்டு இருக்கும்வரை ஃபிளாப்பில் செக் செய்து நான்காம் சீட்டைப் பார்ப்பேன். அது ராணிக்கு மேற்பட்டதாக இல்லாமல், அவரும் மற்றவர்களும் மறுபடி செக் என்று சொன்னால், அப்போது பாதித் தொகையைக் கட்டுவேன். கையில் சரக்கை வைத்துக்கொண்டு இரண்டு முறை தொடர்ந்து செக் செய்யும் பொறுமை அம்மானுக்குக் கிடையாது.